தச்சர் வீட்டில் மீன் வளர்ந்த கதை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. வெளிச்சம் கண்ணில் குத்தினால் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். ஒரு தச்சரும் இரண்டு மீனும் ஒரே கூடத்தில் இடத்துக்கு அல்லாடிய கதையைச் சொல்கிறேன். கதையில் யாரும் அழமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

தச்சர் அன்றைக்கு மண்டிபோட்டு உட்கார்ந்து, மீன்தொட்டியின் கண்ணாடிமேல் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆடாம நில்லுடா கொட்டாவி!"

கொட்டாவி என்பது மீனின் பெயர். எந்நேரமும் வாயைப் பிளந்தபடி இருப்பான். கூட இருந்தவள் சீமாட்டி. இரண்டும் ஏஞ்சல் மீன்கள். கல்யாண நாளுக்கு மனைவி வாங்கிக் கொடுத்தபோது சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தன. இப்போதோ விரித்த உள்ளங்கை மாதிரி ஆகிவிட்டன. மேல்துடுப்பு தண்ணீருக்கு வெளியே எட்டிப் பார்த்தது. கீழ்த்துடுப்பு கூழாங்கல்லில் உரசி உரசி நுனி மடங்கிக் கிடந்தது.

"பாக்கவே பாவமா இருக்குங்க," என்றாள் மனைவி. "பெரிய தொட்டி வைக்க முடியலன்னா கடையிலயே திருப்பிக் குடுத்துடலாம்."

"கொட்டாவியைக் குடுக்கறதா? வேலை முடிஞ்சு வந்தா என்னைப் பார்த்து வாலை ஆட்டுற ஜீவன் இந்த வீட்ல அவன் ஒருத்தன்தான்!"

"ஏன், நான் ஆட்டலைன்னு குறையா?"

குறை அதுவல்ல. கூடத்தில் இடம் இல்லை.

தச்சர் ஊரார் வீட்டுக்குச் செய்த கதவுகளில் காற்றுகூடக் கேட்டுக்கொண்டுதான் நுழையும். சொந்த வீட்டில் இருந்தவையோ, தொழில் பழகியபோது முதன்முதலாகச் செய்தவை. ஒரு மேசை; நாலு காலும் நாலு உயரம். ஒரு பெஞ்சு, உட்கார்ந்தவரை மெல்ல வழுக்கித் தரையில் இறக்கிவிடும். அப்புறம் அந்த அலமாரி. கூடத்துக்குள்ளேயே வைத்துச் செய்ததால் வாசலைவிட அகலம். எதிரில் பெஞ்சு இடித்ததால் கதவு பாதிதான் திறக்கும். மனைவி கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவி, புடவை என்று நினைத்துப் போர்வையை உருவுவாள்.

"இதெல்லாம் என் மூத்த பிள்ளைங்க," என்று வந்தவர்களிடம் தச்சர் நெஞ்சை நிமிர்த்துவார். வந்தவர்கள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள். மனைவி ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"சரி, மேசையை மட்டும் யாருக்காவது குடுத்துடலாம்," என்று தச்சர் சொல்லி வாயை மூடவில்லை, வாசலில் வண்டிச் சத்தம். சரக்கு வண்டி ஓட்டும் மச்சினன் தோளில் கயிற்றோடு நின்றான்.

"நீ எப்படிடா வந்தே?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மாமா. எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

மேசை போனது. தச்சர் வண்ணமீன் கடைக்குப் போனார். கடைக்காரம்மா தொட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஏஞ்சலுக்குன்னா ஒண்ணு கவனிக்கணும்..."

"அளவெடுக்கிறதுல எனக்கே பாடமா தங்கச்சி? நீளமாக் குடு. ஆள் படுக்கிற நீளம்!"

பலகையை அளந்து பழகிய கை அல்லவா? நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார், உயரத்தை மறந்தார். வந்த தொட்டி நீளமாகவும் தட்டையாகவும் இருந்தது. கொட்டாவி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் குஷியாக ஓடினான். துடுப்பு மட்டும் மடங்கியபடியே ஓடியது.

மறுபடி கடைக்கு வந்து அவர் சொன்னதைக் கேட்டுக் கடைக்காரம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "இது நீளமா வளர்ற மீன் இல்லண்ணே. உசரமா வளர்றது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அப்போ உசரமாக் குடு! இருக்கறதுலயே உசரம்!"

தூண் மாதிரி ஒரு தொட்டி. அதை நிறுத்த ஒரு மூலை வேண்டும். மூலையில் பெஞ்சு இருந்தது.

"பெஞ்சு வேணாங்க, பாவம்," என்றாள் மனைவி. "எத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கு!"

"என்ன செய்யறது இவளே? கொட்டாவி துடுப்பைப் பாரு."

இந்த முறை வண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மச்சினன் ஏற்கெனவே வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

தூண் தொட்டியில் துடுப்பு நிமிர்ந்தது. ஆனால் திரும்ப இடமில்லை. கொட்டாவி திரும்பினால் சீமாட்டி மூக்கில் இடித்தான். அவள் வாலால் ஒன்று வைத்தாள். லிஃப்டில் மாட்டிக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் முறைத்துக்கொண்டு நின்றன. சாயங்காலத்துக்குள் கொட்டாவியின் துடுப்பில் ஒரு கிழிசல்.

"அண்ணே, உசரமும் வேணும், நீளமும் வேணும்," என்றாள் கடைக்காரம்மா, இரண்டு கையையும் விரித்து. "தண்ணி பாரம் பயங்கரம். கீழ நல்ல கனமான ஸ்டாண்டு வேணும். அதுக்கு ஒரு முழுச் சுவர் இருக்கா வீட்ல?"

இருந்தது. அலமாரிக்குப் பின்னால்.

தச்சர் வீடு திரும்பி அலமாரி முன்னால் நின்றார். வாசல் வழியாக அது போகாது; பிரித்தால்தான் உண்டு. உளியை எடுத்தார், வைத்தார். சுத்தியலை எடுத்தார், துடைத்தார், வைத்தார்.

"விடுங்க," என்றாள் மனைவி, அலமாரிக் கதவைத் தடவியபடி. "மீனைக் கடையிலயே விட்டுடுவோம். நீங்க முதமுதல்ல செஞ்ச அலமாரி."

தச்சர் தொட்டியைப் பார்த்தார். கிழிந்த துடுப்போடு கொட்டாவி அவர் பக்கம் திரும்பி, இருந்த இடத்திலேயே வாலை ஆட்டினான்.

முதல் ஆணி கிறீச்சென்று வந்தது. அவருக்கு நெஞ்சில் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. அடுத்த ஆணிக்கு அவ்வளவு வலிக்கவில்லை. பலகைகளைப் புரட்டிப் பார்த்தவர், "அட, மரம் எவ்வளவு நல்ல மரம்! செஞ்சவன்தான் முட்டாப்பய," என்று தானே சிரித்துவிட்டார். மனைவி திரும்பி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த மரத்திலேயே ஸ்டாண்டு செய்தார். இழைத்து, பொருத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நட்டநடுவில் நின்றது. அந்த வீட்டில் நேராக நின்ற முதல் சாமான் அதுதான்.

பெரிய தொட்டியைக் கடைக்காரம்மாவே ஆள் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாள். மீன்களைப் பழைய தண்ணீரோடு பையில் கட்டி மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒத்துவந்ததும் அவிழ்த்தாள். சீமாட்டி துடுப்பை முழுசாக விரித்து ஒரு சுற்று வந்தாள். கொட்டாவி பின்னாலேயே போனான். இடியும் இல்லை, அடியும் இல்லை. தச்சருக்கு மனம் நிறைந்தது.

பின்னால் மனைவி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என் மீனுக்காக நீ எவ்வளவு விட்டுக் கொடுத்தே இவளே!" என்றார் தச்சர்.

கை துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரம்மா வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

"அக்கா நினைச்சபடியே ஆச்சுண்ணே! 'அழகு கிழகெல்லாம் வேணாம்மா, எங்க வீட்டுக்காரர் மனசு நோகாம அந்த மேசை, பெஞ்சு, அலமாரியெல்லாம் வெளிய போகணும், எது ரொம்பப் பெருசா வளருமோ அந்த மீனா ரெண்டு குடு'ன்னுதானே அன்னைக்கு வாங்கிட்டுப் போனாங்க!"

தச்சர் மனைவியைப் பார்த்தார், காலியான கூடத்தைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி நோகாமல் ஜெயிக்கிறவர்களும், தோற்றபின் வயிறு குலுங்கச் சிரிக்கிறவர்களும் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. நல்லா இருங்கள்.