நேராக எண்பத்து நான்காம் கேள்விக்கு

உளவியல் பேராசிரியர் முனைவர் மோகன் மூத்த பேராசிரியராக உயர இன்னும் ஒரே ஓர் ஆய்வு தேவைப்பட்டது. சமூகம், கல்வி ஆகியவை குறித்து இருபத்திரண்டு ஆண்டுகள் பாடுபட்டு அவர் கண்டறிந்த உண்மை ஒன்றுதான்: கிராமத்துப் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடக் காரணம் ஆர்வமின்மை. அந்த உண்மை அவருக்கு இரண்டு வெளிநாட்டுப் பயணங்களையும் எண்ணற்ற பொன்னாடைகளையும் வழங்கியிருந்தது. அவருக்கும் உண்மைக்கும் இடையே இதுவரை மனக்கசப்பு ஏதும் இல்லை.

ஆகவே, உத்திரமேரூரிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், எண்பத்து நான்கு கேள்விகள் அடங்கிய படிவத்தோடு இறங்கினார். நடவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த முனியம்மாள் அகப்பட்டாள். பக்கத்தில் அவள் மகள் அம்முலு, எட்டாவதோடு நின்றவள்.

"நாலாவது கேள்விம்மா. பொண்ணு ஏன் படிப்பை நிறுத்திச்சு?"

"எட்டு மணி பஸ்ஸ நிறுத்திட்டானுங்க சார். ஏழு கிலோமீட்டரு கீது. இன்னான்னு நடக்க வுடறது?"

பேராசிரியர் படிவத்தைப் புரட்டினார். ஊரைப் போலவே படிவத்திலும் பஸ் இல்லை.

"ரெண்டே பதில்தாம்மா. ஒண்ணு ஆர்வமின்மை, இன்னொண்ணு மற்றவை. பஸ்ஸுன்னா மற்றவை. அதுக்கு அஞ்சுலேர்ந்து எண்பத்து மூணு வரைக்கும் கேக்கணும்."

"ஆர்வம் இல்லன்னா?"

"நேரா எண்பத்து நாலு. கையெழுத்து."

"அப்ப அதயே போட்டுக்க சார். போன தபாவும் ஊரே அப்டித்தான் போட்டுச்சு. ஒங்க காலேஜ்லேர்ந்து கேக்க வந்த புள்ளைங்களும் பாவம், வெயில்ல நின்னுக்கினு, 'அதயே சொல்லுக்கா'ன்னுச்சுங்க."

மோகன் தம் பழைய ஆய்வின் கணக்குத் தாளை அவசரமாக வெளியே எடுத்தார். அதற்குள் அம்முலு அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"சார், இந்தக் கூட்டல் தப்பா கீது. முப்பத்தாறு இல்ல, முப்பத்தெட்டு."

கூட்டலைத் திருத்திக்கொண்டு, ஆர்வமில்லாத அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிக் காரில் ஏறினார். உண்மையை எழுதிவிடுவது என்று வாலாஜாபாத் வரும்வரை உறுதியாக இருந்தார். பல்கலைக்கழகம் வரையிலும்கூட.

"பஸ்தான் காரணம்னு எழுதப்போறேன்," என்றார் பதவி உயர்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் ஆதிலட்சுமியிடம்.

"தாராளமா எழுதுங்க சார். பதவி உயர்வுப் படிவத்துல 'முந்தைய முடிவை உறுதிசெய்கிறது', 'மற்றவை'ன்னு ரெண்டு கட்டம் இருக்கு. மற்றவைன்னா உங்க பழைய கட்டுரை எல்லாத்துக்கும் ஏழு குழு விளக்கம் கேக்கும்."

"முதல் கட்டம்னா?"

"நேரா கையெழுத்து."

மோகன் கையெழுத்திட்டார். மூத்த பேராசிரியரும் ஆனார்.

அவர் பரிந்துரையின் பேரில் அரசு 'ஆர்வமூட்டு ஊர்தி' என்றொரு வேனை அனுப்பியது. அது தினமும் காலை எட்டு மணிக்குச் சிற்றூருக்கு வந்து, பெண்கள் பள்ளிக்குச் செல்ல வேண்டியதன் அவசியத்தை ஒலிபெருக்கியில் விளக்கிவிட்டு, காலியாக உத்திரமேரூருக்குத் திரும்பியது.

மூன்றாம் நாள் அம்முலு ஓட்டுநர் சிராஜைக் கேட்டாள்.

"அண்ணே, சும்மாதானே போற? ஏறிக்கலாமா?"

"ஆர்வம் இல்லாதவங்கள மட்டும்தாம்மா ஏத்தணும். ரூல்ஸ் அப்டி கீது. எழுதிக் குடுத்துட்டு ஏறு."

மறுநாள் முதல், படிப்பில் ஆர்வம் அறவே இல்லை என்று எழுத்துப்பூர்வமாக உறுதியளித்த பதினொரு பெண்கள், ஓடிவந்து இடம்பிடித்து, உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். அரையாண்டுத் தேர்வில் அம்முலு பள்ளியிலேயே முதல்.

அரசு கவலையுற்றது. மூத்த பேராசிரியர் புதிய படிவத்தோடு வேன் வாசலில் வந்து நின்றார்.

"ஆர்வமே இல்லாம எப்படிம்மா முதல் மார்க்கு?"

"எத்தினி கேள்வி சார்?"

"நூத்திப் பத்து."

வேன் ஹாரன் அடித்தது. அம்முலு படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "சீக்கிரம் முடியற பதிலு எது சார்?"

பேராசிரியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கும் மதியம் ஒரு பாராட்டு விழா இருந்தது.