மூன்று குழிகளுக்கு ஒரு கையெழுத்து

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

மாடியிலிருந்து தம்பி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கவில்லை. தாங்கள் காலையில் இருமுவது என் அறைத் தரை வழியாகவே வந்துவிடுகிறது. பதினாறு படி இறங்கிச் சொல்லக்கூடியதைத் தபாலில் அனுப்பும் காரணம் தங்களுக்கே தெரியும். படிக்குக் கைப்பிடி வலப்பக்கமா இடப்பக்கமா என்று ஒன்பது வருடம் முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இன்றுவரை படிக்குக் கைப்பிடியும் இல்லை, நமக்குள் பேச்சும் இல்லை.

மொட்டைமாடியில் பன்னிரண்டு சோலார் தகடுகள் மூன்று மாதமாகச் சும்மா வெயில் காய்கின்றன. எர்த் இல்லாமல் மின்வாரியத்தில் இணைப்புத் தர மாட்டார்களாம். எர்த்துக்கு மண்ணில் குழி தோண்டிக் கம்பி இறக்க வேண்டும். ஒன்று போதுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். "மூணு சார். இடிதாங்கிக்கு ஒண்ணு, தகட்டுக்கு ஒண்ணு, இன்வெர்ட்டருக்கு ஒண்ணு" என்றார். மூன்றும் ஒரே குழியைப் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாதா என்றேன். "கூடப்பொறந்தவங்களே பங்கு போட்டுக்க மாட்டேங்கிறீங்க, கரண்டுக்குப் புத்தி சொல்றீங்களே" என்று சொல்லிவிட்டு டீ குடித்தார், என் வீட்டு டீயை. மண்ணெல்லாம் கீழே உங்கள் பக்கம். மானத்தை விட மனமில்லாமல் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டியில் மண் நிரப்பிக் கம்பியை நட்டேன், ஒரு வாரம் தண்ணீரும் ஊற்றினேன். "முளைச்சா சொல்லி அனுப்புங்க சார்" என்று போய்விட்டார். மின் இணைப்பு என் மனைவி பெயரில் இருப்பதால் விண்ணப்பமும் அவள் பெயரில்தான், அலைவதும் அவள்தான். மூன்று முறை போட்டாள், மூன்று முறையும் சிவப்பு மையில் 'இணை உரிமையாளர் கையொப்பம் இல்லை' என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். அந்த வரிக்குமேல் நான் படிக்கவில்லை. யாருடைய கை வராது என்று எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமையோடு அனுமதி காலாவதி, தகடு மாட்டிய கம்பெனிக்காரர்கள் அவற்றைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நானாக ஆரம்பித்த காரியம் இது ஒன்றுதான். அதுவும் உங்கள் காலடி மண்ணில் வந்து முட்டி நிற்கிறது. ஒரு கையெழுத்துப் போட்டால் உங்கள் கை தேய்ந்தா போய்விடும்?

அண்ணிக்கு என் பணிவான வணக்கம். தங்களுக்கும், வயதை முன்னிட்டு மட்டும், அதுவே.

இப்படிக்கு,
மாடிக்காரன்

பி.கு.: உறையில் போடுமுன் மனைவி இதை வாங்கிப் படித்தாள். "உங்க அண்ணன் போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டாரு. பின்பக்கம் மூணு குழியும் வெட்டி வச்சிருக்காரு. அந்தப் பக்க ஜன்னலை நீங்க தொறந்தாத்தானே தெரியும்? விண்ணப்பம் என் பேர்ல, வீடு உங்க ரெண்டு பேர் பேர்லயும். மிச்சமிருக்கிற இணை உரிமையாளர் நீங்கதான்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "நாலு தடவை வாயெடுத்தேன். அண்ணன்னு ஆரம்பிச்சாலே எழுந்து போயிடுறீங்க" என்றாள். படிவம் உங்கள் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறதாம். நாளைக் காலை வந்து கையெழுத்துப் போடுகிறேன். பேச மாட்டேன்.