மயில் கழுத்து நிறத்தில் ஒரு கலியாணக் கார்ட்

தரகர் கொண்டுவரும் போட்டோவை நம்பிக் கழுத்தை நீட்டுகிறவர்களுக்கும், கம்ப்யூட்டர் திரையில் தெரியும் நிறத்தை நம்பிக் கலியாணக் கார்ட் அடிக்கிறவர்களுக்கும் கடைசியில் ஒரே கதிதான். நேரில் வந்து நிற்கும்போது ஆள் வேறு. நான் இதில் இரண்டாவது வகை மடையன்.

யுத்தக் காலம். திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கடையில் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. படம் கீறும் மென்பொருளைக் கொஞ்சநாள் தட்டிப் பார்த்துவிட்டு, என் பெயருக்குக் கீழே 'டிசைனர்' என்று அடித்து வாசலில் நானே ஒட்டிக்கொண்டேன். (முதலாளி பார்த்துச் சிரித்தார். சம்பளம் கூடவில்லை.) அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தது.

"கார்ட்டை என்னட்ட விடுங்கோ" என்றேன். பாவம், விட்டுவிட்டார்கள்.

அக்காவுக்கு ஒரே ஆசைதான். மூதூரிலிருந்து பெரியம்மா வரவேண்டும். நான் பிறந்து அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில், அக்காவைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சொந்தப் பிள்ளையாக வளர்த்தவர் அவர். மூதூர் ஒன்றும் சீமையில் இல்லை. குடாவுக்கு அந்தப் பக்கம். ஆனால் குடாவைக் கடக்கும் லோஞ்சுப் படகில் ஏற நேவியின் சோதனையைத் தாண்ட வேண்டும். நிலைமை சரியில்லை என்றால் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன வருசம் ஒரு கலியாணத்துக்கு வெளிக்கிட்டுப் பெரியம்மா இரண்டு தரம் திரும்பிப் போனவர்.

"சும்மா வாயால சொன்னா விடமாட்டாங்கள் தம்பி. கையில கார்ட் இருந்தாக் காட்டிப் பாக்கலாம். வடிவா அடி" என்று அக்கா தன் சட்டைத் துணியில் ஒரு துண்டை வெட்டித் தந்தாள். கூறைக்குப் பிறகு உடுக்கிற சீலையின் நிறம். மயில் கழுத்து நிறம்.

துணியைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்து நிறம் கலந்தேன். துணியைவிடத் திரையில் வடிவாக வந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். நீலம் பளீரென்று எரிந்தது. நடுவில் தங்க நிறத்தில் ஒரு குத்துவிளக்கு வைத்தேன். நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி வந்து நின்றது. என் ரசனையைப் பார்த்துக் கம்ப்யூட்டரே ஆச்சரியப்படுகிறது என்று நினைத்தேன்.

அது எச்சரிக்கை. திரை நிறத்தை வெளிச்சத்தால் கலக்கிறது. அச்சு இயந்திரம் நாலு மையால் கலக்கிறது. வெளிச்சத்தில் வருவதெல்லாம் மையில் வராது. அனுப்ப முதல் கோப்பை அந்த நாலு மைக்கு மாற்றி, எந்த நிறம் செத்துப்போகிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். இதெல்லாம் இன்றைக்குத் தெரியும். (அன்றைக்கு எனக்கு எல்லாமே தெரியும்!)

கலர் அச்சுக்குக் கொழும்புக்குத்தான் அனுப்பவேண்டும். அச்சகத்திலிருந்து போன் எடுத்துக் கேட்டார்கள்: "ஒரு தாள் அடிச்சு அனுப்பட்டோ? பாத்திட்டுச் சொல்லுங்கோவன்."

"தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கோ."

அப்படித்தான் அடித்திருந்தார்கள். பெட்டியை உடைத்தபோது மயிலைக் காணவில்லை. வாடின கத்தரிக்காயின் நிறம்தான் இருந்தது. தங்க விளக்கு சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நினைவு மலர் கொடுப்பார்கள். அதற்கும் இப்படித்தான், கடும் நிற அட்டையில் ஒற்றை விளக்கு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆர் தம்பி செத்தது?"

அக்கா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குசினிக்குள் போய் அழுதாள். திருப்பி அடிக்க நாள் இல்லை. கார்ட்டில் ஒன்றை மூதூருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இதைக் காட்டினால் பெரியம்மாவை யார் விடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது.

கலியாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் படலை திறந்தது. அழுது வீங்கின முகத்தோடு பெரியம்மா! கையில் அந்தக் கார்ட். அதை வைத்தே என் தலையில் ஒன்று போட்டார்.

"உந்தக் கார்ட்டைக் கண்டவுடன என்ட தங்கச்சிதான் போயிட்டாளெண்டு நெஞ்சு நிண்டுபோச்சடா. பிறகுதான் வாசிச்சனான்."

"எப்பிடி விட்டவங்கள் பெரியம்மா?"

"எனக்கு முன்னால நிண்ட சனத்தையெல்லாம் திருப்பிப்போட்டாங்கள். என்ட முறை வந்துது. நேவிப் பெடியனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நிறத்தைப் பாத்தான், விளக்கைப் பாத்தான், தொப்பியைக் கழட்டிப்போட்டான். 'அம்மா, யார் செத்தது?' எண்டு கேட்டான். கலியாணமெண்டு சொல்லத்தான் வாயெடுத்தனான். அதுக்குள்ள உன்ட அக்காவை நினைச்சு அழுகை வந்திட்டுது. 'அழ வேணாம் அம்மா' எண்டு கையைப் பிடிச்சு லோஞ்சில ஏத்திவிட்டான். பைக்குள்ள பட்டுச்சீலையும் பலகாரமும்! திறந்திருந்தானெண்டா என்ட கதி என்ன?"

அக்கா ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அவளது தோளுக்கு மேலால் பெரியம்மா என்னைப் பார்த்தார்.

"நீ மட்டும் வடிவா அடிச்சிருந்தா நான் இப்ப அங்கதான் நிண்டிருப்பன். பாவம் அந்தப் பெடியன். அவனுக்கும் ஒரு பலகாரம் குடுத்திருக்கலாம்."

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணம் என்றாலும், லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் எனக்குத்தான் போன் வரும். "கார்ட் நீயோ? அப்ப ஆர் செத்தது?" பெரியம்மா மட்டும் வேறு மாதிரிச் சொல்வார். "தம்பி, எனக்கு நினைவு மலர் அடிக்கேக்க ஒழுங்கான மயில் கழுத்து நிறத்தில அடி. நீ எனக்கு ஒரு கார்ட் கடன்."

யுத்தம் முடிந்து பல வருசத்துக்குப் பிறகு அவர் போனார். நினைவு மலரை நான்தான் செய்தேன். அன்றைக்கு நான் திருப்பிக் கொடுத்த அந்தத் துணித் துண்டை அக்கா இன்னும் வைத்திருந்தாள். நிறத்தை நாலு மைக்கு மாற்றி, ஒரு தாள் அடித்து, வெயிலில் கொண்டுபோய்த் துணியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அச்சு அசலாக அதே நிறம். துணியின் நிறம் மையில் எப்போதுமே வந்திருக்கும். நான் ஏற்றிவிட்ட பளபளப்புத்தான் வராதது.

முப்பத்தோராம் நாள், பிந்தி வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நல்ல வடிவாயிருக்கு. ஆருக்குக் கலியாணம்?"

அக்காதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த அட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள்.