ரிப்பன் கட்டிய நாலு கால்

நாலு கால் உண்டு, தானாக நடக்காது. நடக்க முடியாதவரை நடக்க வைக்கும். அது என்ன? விடை தெரிந்தாலும் அவசரப்பட வேண்டாம். அதிகாரிகள் இன்னும் வந்து சேரவில்லை.

நாச்சிமுத்து ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, மருமகள் தனப்பிரியா தாங்கிப் பிடித்தால்தான் பாத்ரூமுக்குப் போக முடியும். ஒருதரமாவது அங்கே தனியாகப் போய்வருவதே இப்போது அவருடைய வாழ்நாள் லட்சியம்.

முதியோர் மறுவாழ்வு ஒருங்கிணைப்பு அலுவலகத்திலிருந்து வாக்கர் வந்தது, பிளாஸ்டிக் உறையோடு, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி. பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டும்வரை அதைத் தொடக் கூடாது என்றார் ஒருங்கிணைப்பாளர் செந்தமிழன்.

"அதுவரைக்கும் சும்மா நடந்து பழகலாமுங்களா?"

"கூடாதுங்க. நீங்க முன்னாடியே நடந்துட்டா, எங்க வாக்கராலதான் நடந்தீங்கன்னு எப்படிங்க சொல்றது?"

நியாயந்தான். வாக்கர் பயன்பாட்டுக்கு வந்த பிறகே தான் வர முடியும் என்று பிசியோதெரபிக்காரரும் சொல்லிவிட்டார். ஒருங்கிணைப்பு என்றால் யாரும் முந்திக்கொள்ளக் கூடாது அல்லவா? விழா தள்ளித் தள்ளிப் போயிற்று. ரிப்பனை அவிழ்க்க நாச்சிமுத்துவுக்கும் மனம் வரவில்லை. சம்பந்தி வீடுவரைக்கும் அழைத்தாயிற்று. தனப்பிரியா தினமும் உறைமேல் தூசி தட்டினாள்.

ஒருநாள் அவள் காட்டு வேலைக்குப் போயிருந்த நேரம், கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே அவர் பாத்ரூம்வரை போய்த் திரும்பினார். தாத்தாவை அப்பாரு என்று கூப்பிடும் பேத்தி தமிழினி முன்னால் ஓடிச் செருப்புகளை ஒதுக்கி வழிவிட்டாள்.

"யாருகிட்டயும் சொல்லீராத சாமி. விழா கெட்டுப்போயிரும்" என்றார். அன்று முதல் மருமகள் தலை மறைந்தால் நாற்காலி புறப்படும்.

விழா நாளும் வந்தது. வீட்டில் அந்த ஒரு நாற்காலிதான் நல்ல நாற்காலி. தனப்பிரியா அதைத் துண்டால் துடைத்து, பெரிய அதிகாரி தீனதயாளனுக்குப் போட்டாள். முதியோர் பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வது எப்படி என்று அவர் அதில் அமர்ந்தபடியே விரிவாக எடுத்துரைத்தார்.

கட்டிலில் இருந்த நாச்சிமுத்து நெளிந்தார். பாத்ரூம் போகணுமுங்க என்று செந்தமிழன் காதில் சொன்னார்.

"ரிப்பன் வெட்டட்டுமுங்க. ஆனா மொத நடை வாசப்பக்கந்தான். பாத்ரூம் பக்கம் போனா போட்டோல வெளிச்சம் வராதுங்க."

பெரிய அதிகாரி பேச்சை முடித்து, கத்தரிக்கோலைத் தமிழினியிடம் கொடுத்தார். கேமராக்கள் வாக்கர் பக்கம் திரும்பின. சொந்தபந்தம் கைதட்டத் தயாராக நின்றது.

"உங்க அப்பாரு நடக்கறதுக்கு எது வேணுமோ, அதை நீயே எடுத்துக் குடு பாப்பா."

தமிழினி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கேட்டாள்.