நாற்பத்தேழாம் பக்கத்துக் கழுதை

"ஓம் ஹாஜியார், படிச்சிட்டேன். ரெண்டு தரம் படிச்சிட்டேன்."

மிஹ்லார் போனை வைத்தபோது, மீன் கழுவிக்கொண்டிருந்த பஸீனா தலையை நிமிர்த்தினாள்.

"எந்தப் புத்தகத்த?"

"லத்தீப் ஹாஜியார்ட கவிதைப் புத்தகத்த."

"அது வீட்டுக்கு வரவே இல்லயே."

"வரல்லதான்."

"வராத புத்தகத்த ரெண்டு தரம் படிச்சீங்களா? ஒரு தரம் எண்டு சொல்லியிருந்தாப் போதாதா?"

மிஹ்லாருக்கு மட்டும் பொய் சொல்ல ஆசையா? "அச்சகத்து யாகப்பு பிரதிய உங்களுக்குத் தபாலில போட்டாச்சு எண்டார், கிடைச்சதா?" என்று ஹாஜியார் கேட்டதும், 'இல்லை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் ஹாஜியார், "வின்சன்ட் சேரும் றைஸா டீச்சரும் படிச்சி முடிச்சிட்டாங்களாம். நீங்கதான் பாக்கி" என்றார். அந்தக் குரலில் இருந்த மனவருத்தத்தைக் கேட்டு, நுனிவரை வந்த சொல் திரும்பித் தொண்டைக்குள் போய்விட்டது.

லத்தீப் ஹாஜியாரின் மனம் வருந்தக்கூடாது. அவருக்கு முந்தலில் இறால் பண்ணை, கற்பிட்டியில் தென்னந்தோட்டம். அறுபது வயதுக்குப் பிறகு கவிதையும் வந்து சேர்ந்தது. இவையெல்லாவற்றையும் விடப் பெரிய சொத்து அவருடைய போன். அதிலிருந்து மேலிடத்துக்கு ஒரு கோல் போனால், அசையாத கோப்பும் எழும்பி நடக்கும். மிஹ்லாரோ எலுவன்குளத்தில் தமிழ் ஆசிரியர். ஞாயிறு பின்னேரம் கற்பிட்டியில் பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமைதான் வீடு. பஸீனாவுக்கு ஏழு மாதம். பிள்ளை பிறக்கும்போது வாப்பா காட்டோரத்தில் யானைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருக்கக்கூடாது என்பது அவளுடைய ஒரே துஆ. "நயவுரைய நல்லா செய்ங்க, இடமாற்றத்த நான் பாத்துக்கொள்றேன்" என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். நூல் வெளியீடு நாளைக்கு. மேடையில் புத்தகத்தை நயந்து பேச மூன்று பேர்: வின்சன்ட் சேர், றைஸா டீச்சர், மிஹ்லார்.

"மத்தவங்ககிட்ட வாங்கிப் படிங்க" என்றாள் பஸீனா.

நல்ல யோசனை. மிஹ்லார் ஓய்வுபெற்ற அதிபர் வின்சன்டுக்குக் கோல் எடுத்தார்.

"அருமையான புத்தகம் தம்பி! தமிழுக்கு இப்பிடி ஒன்று வந்து கனகாலம். என்ட பிரதிய றைஸா டீச்சர் வாங்கிட்டுப் போயிட்டா."

றைஸா டீச்சர் சொன்னார்: "என்ட பிரதியத்தானே வின்சன்ட் சேர் கொண்டு போனார்! ரெண்டும் அவர்ட கையிலதான்."

மறுபடி வின்சன்ட். "ரெண்டும் டீச்சர்ட கையில தம்பி. அவ மறந்திட்டாபோல."

மறுபடி றைஸா டீச்சர். இந்தத் தரம் டீச்சரே முந்திக்கொண்டார். "மிஹ்லார் சேர், உங்கட பிரதிய ஒரு நாளைக்குத் தர ஏலுமா? சில இடங்கள மறுக்கா ஒருதரம் பாக்கணும்."

"என்ட பிரதியா? அத... எங்கட அதிபர் கொண்டு போயிட்டார் டீச்சர். அவருக்குக் கவிதை எண்டா உசிர்."

எலுவன்குளத்து அதிபர் வாழ்நாளில் பாடசாலைச் சுற்றறிக்கைக்கு மேல் எதையும் வாசித்தவரல்லர். போனை வைத்த மிஹ்லாருக்கு வேர்த்தது. வராத புத்தகம் இப்போது காணாமலும் போய்விட்டது.

"யாகப்புகிட்டயே கேட்டா என்ன?" என்றாள் பஸீனா.

"நல்ல கதை! அவரிட்ட கேட்டா அடுத்த நிமிஷம் ஹாஜியார்ட காதில நிக்கும்."

பஸீனா மீனுக்கு மஞ்சள் தடவினாள். பிறகு ஆறுதலாகச் சொன்னாள். "உயர்தரப் பிள்ளையளுக்கு வாய் ஓயாமப் படிப்பிக்கிறீங்களே, படிமம், குறியீடு, அது இது எண்டு. அதையே சொல்லுங்க. புத்தகத்தில இரிக்கா இல்லயா எண்டு யாரு தேடப் போறாங்க?"

மிஹ்லார் அவளை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அன்று முழுவதும் உட்கார்ந்து ஒரு நயவுரை தைத்தார். எந்த இடுப்பிலும் கட்டக்கூடிய சாரம் மாதிரி ஒரு நயவுரை. உவமை இல்லாத கவிதைப் புத்தகம் உலகத்தில் இல்லை. இருந்தால் 'உவமையைத் துறந்த துணிச்சல்' என்று சொல்லிவிடலாம். படிமம் இருக்கிறது என்றால் இல்லையென்று நிறுவ எவராலும் ஏலாது. குறியீடு இருக்கிறது என்றால் எழுதியவரே போய்த் தேடிப் பார்ப்பார். விளங்கினால் எளிமை, விளங்காவிட்டால் இருண்மை. கவிதை நீளமானால் விரிவு, குட்டையானால் செறிவு. ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கிடந்தால் அது முரண்; முரணும் இல்லையென்றால் ஒருமைப்பாடு. சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"நல்லாத்தான் இரிக்கி" என்றாள் பஸீனா. "இத என்ட மாசிச் சம்பலுக்கும் சொல்லலாம்."

மறுநாள் கற்பிட்டித் திருமண மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. மேடைப் பதாகையில் ஹாஜியாரின் முகம் கதிரையளவு. அதன் கீழே 'உப்பு வயலில் ஒரு நிலாத் துண்டு' என்று புத்தகத்தின் பெயர், கண்ணைச் சுருக்கினால் தெரிகிற அளவு. விழா தொடங்கச் சற்று முன்னர்தான் யாகப்பு சிலாபத்திலிருந்து வான் வண்டியில் புத்தகங்களைக் கொண்டுவந்து மேடையில் அடுக்கினார். ஒவ்வொன்றும் பளபளக்கும் தாளில் சுற்றி, சிவப்பு நாடா கட்டி இருந்தது. நூல் வெளியீட்டில் அதுதான் முறை. பிரதி வாங்கியவர் சபையில் வைத்துத் தாளைப் பிரிப்பது மரியாதையில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிப்பார்கள். பிரிக்காமலே கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பாதுகாக்கிற இலக்கிய அபிமானிகளும் உண்டு.

கொழும்பிலிருந்து வந்த நகைக்கடை முதலாளி முதற்பிரதியைப் பெற்று, பிறந்த குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துப் படமெடுத்துக்கொண்டார். மிஹ்லார் மேடையிலிருந்து அந்தப் பொதியை ஏக்கத்தோடு பார்த்தார். ஒரு பக்கம், ஒரேயொரு பக்கம் பார்க்கக் கிடைத்தால் போதும்!

நயவுரை நேரம் வந்தது. வின்சன்ட் சேர்தான் முதலில் பேசவேண்டியவர். அவர் தொண்டையைத் தடவினார்.

"குரல் கட்டிட்டுது தம்பி. நீங்க தொடங்குங்க."

மிஹ்லார் றைஸா டீச்சரைப் பார்த்தார்.

"இளையவங்களுக்கு இடம் குடுக்கணும்" என்றார், மிஹ்லாரை விட இரண்டு வயது மூத்த டீச்சர்.

மிஹ்லார் ஒலிவாங்கியைப் பிடித்தார். நேற்றுத் தைத்த நயவுரை ஹாஜியாருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. படிமத்துக்கு ஒரு கைதட்டல், குறியீட்டுக்கு ஒரு கைதட்டல். இருண்மை என்றதும் முன்வரிசை முழுவதும் தலையாட்டியது. ஹாஜியாரின் முகம் பதாகையிலிருந்ததை விடப் பெரிதாக மலர்ந்தது. அந்த மலர்ச்சியில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். இருந்த இடத்திலிருந்தே உரக்கக் கேட்டார்.

"மிஹ்லார் சேர், அந்தப் படிமத்துக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க. சனத்துக்கு விளங்கட்டும்."

மண்டபம் முழுவதும் மிஹ்லாரைப் பார்த்தது. மிஹ்லாரின் தலைக்குள் இருந்த சொற்களெல்லாம் பஸ் பிடிக்க ஓடின. கண் தானாக யன்னல் பக்கம் போனது. வெளியே, ஊரில் அவிழ்த்துவிட்டபடி திரிகிற கழுதைகளில் ஒன்று, மதிலில் ஒட்டியிருந்த விழாச் சுவரொட்டியைக் கிழித்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"உதாரணமா... கழுதை" என்றார் மிஹ்லார்.

"கழுதையா?" என்றார் ஹாஜியார்.

"ஓம்... அந்தக் கழுதைக் கவிதை."

முன்வரிசையில் ஒருவர் இருமினார். ஹாஜியாரின் முகத்து மலர்ச்சி பாதியில் நின்றது. சமாளிக்கவேண்டும். மிஹ்லார் சமாளித்தார்.

"சாதாரணக் கழுதை இல்ல. நொண்டிக் கழுதை."

சமாளிப்பு நன்றாக அமையவில்லை என்று அவருக்கே தெரிந்தது.

"ஒரு காது கிழிஞ்ச... கிழட்டு நொண்டிக் கழுதை. உப்பு மூட்டையச் சுமந்துக்கிட்டுத் தனியா நடந்து போகுது. யாரும் அதத் திரும்பிப் பாக்கல்ல."

எலுவன்குளத்து யானைகள் ஒவ்வொன்றாக அவர் கண்முன்னே வந்து நின்றன. பிள்ளைக்கு நாலு வயதாகும்வரை இனி அங்கேதான். கடைசி வரிசையில், கதவோரம் யாகப்பு லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். பாவம், அவருக்கும் மனம் பொறுக்கவில்லைபோல.

அப்போது வின்சன்ட் சேரின் குரல் திடீரென்று திறந்துகொண்டது. எழுந்தார்.

"நாற்பத்தேழாம் பக்கம்!" என்றார். "அந்தக் கழுதைய வாசிச்சிட்டு நான் புத்தகத்த மூடி வச்சிட்டு முற்றத்தில போய் நின்றன். மிஹ்லார் தம்பி சரியான இடத்தத் தொட்டிருக்கிறார். ஆனா அது படிமமில்லை. அது குறியீடு."

மிஹ்லாருக்கு உடம்பு சிலிர்த்தது. அல்லாஹ்வே, உண்மையாகவே ஒரு கழுதை இருக்கிறது!

றைஸா டீச்சரும் எழுந்துவிட்டார். "சேர் குறை நினைக்கக்கூடாது. அது குறியீடும் இல்ல, படிமமும் இல்ல. அது பெண் கழுதை எண்டத நீங்க கவனிக்கல்ல. காலாகாலமாச் சுமக்கிற பெண்ணினத்துக்கே அது உருவகம். நான் அந்தப் பக்கத்த வாசிச்சி அழுதேன்."

"பெண் கழுதை எண்டு கவிதையில எங்க வருது டீச்சர்?"

"சொல்லாம விட்டதுதான் சேர் கவிதை!"

சபை ஆரவாரித்தது. கழுதை ஆணா பெண்ணா, படிமமா குறியீடா என்று இருவரும் ஒலிவாங்கியை மாறி மாறிப் பிடுங்கினார்கள். கடைசியில் ஹாஜியார் கையை உயர்த்தினார். மண்டபம் அடங்கியது. அவர் மெல்ல எழுந்து முன்னே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்தக் கவிதைய எழுதின அண்டைக்கு நான் சோறு தின்னல்ல" என்றார். "ரெண்டு பேரும் சண்ட புடிக்கத் தேவையில்ல. இவ்வளவு காலமா யாருக்கும் சொல்லாத ஒரு ரகசியத்த இந்தச் சபையில சொல்றேன்." குரல் தழுதழுத்தது. "அந்தக் கழுதை வேற யாருமில்ல. நான்தான்."

மறுத்துப் பேச ஒருவரும் எழும்பவில்லை. பிறகு கைதட்டல் ஓடுகளை அதிரவைத்தது. நகைக்கடை முதலாளி இன்னும் இருபத்தைந்து பிரதிகள் கேட்டார். யன்னலுக்கு வெளியே நின்ற கழுதை மிரண்டு, வாயிலிருந்த சுவரொட்டியோடு ஓடிப்போனது.

தேநீர் நேரத்தில் ஹாஜியார் மிஹ்லாரை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய்த் தோளை அணைத்தார்.

"என்ட மனசுக்குள்ள புகுந்து பாத்திட்டீங்க சேர். இப்பத்தான் கோல் எடுத்தேன். அடுத்த தவணை நீங்க கற்பிட்டியில. இன்ஷா அல்லாஹ், முடிஞ்ச விஷயம்."

மிஹ்லார் மண்டபத்தின் பின்புறம் போய்ச் சுவரில் சாய்ந்து, பல நாட்களாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். கடற்காற்று முகத்தில் பட்டது. பஸீனாவுக்குக் கோல் எடுத்தார்.

"புள்ள, கிடைச்சிட்டுது!"

"என்ன, புத்தகமா?"

"இடமாற்றம்!"

போனின் அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ். அப்ப புத்தகம்?"

"அது இனி எதுக்கு?"

சிரித்துக்கொண்டே திரும்பினார். எதிரில் யாகப்பு நின்றார். சட்டை முழுக்க வேர்வை. கண்ணில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. மிஹ்லாரின் முழங்கையைப் பிடித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சேர், மற்ற ரெண்டு பேரையும் எனக்குப் பழக்கமில்ல. நீங்க பொய் சொல்ற ஆளில்ல, அதான் உங்களிட்ட கேக்கிறன். மெஷின் பழுதாப் போனதால, தபாலில போட்டாச்சு எண்டு ஹாஜியாருக்கு ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டு, இண்டைக்கு மானத்தக் காப்பாத்த வெறும் அப்பியாசக் கொப்பியச் சுத்திக் கட்டிக்கொண்டு வந்தன். நீங்க மூண்டு பேரும் பக்கம் பக்கமா வாசிச்சிருக்கிறீங்க. உண்மையச் சொல்லுங்க சேர், எனக்குத் தெரியாம ஹாஜியார் இந்தப் புத்தகத்த வேற எந்த அச்சகத்தில அடிச்சவர்?"