வெங்காயம் அண்ணன் போட்ட ஃபயர்வால்

தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் தமிழ், கன்னடம், தெலுங்கு என மூன்று மொழியிலும் ஒரே நாளில் திட்டு வாங்கிய மனிதர் வெங்காயம் அண்ணன் ஒருவர்தான். அதுவும் காலை பதினொரு மணிக்குள்.

பஜாரில் நான்கு கம்ப்யூட்டர்களோடு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நான்கிலும் லினக்ஸ். யாராவது விண்டோஸ் கேட்டால், “ஜன்னல்தானே? தோ கீது, எட்டிப் பாரு” என்று தெருவைக் காட்டுவார்.

வெங்காயம் என்ற பெயர் பின்னால் வந்தது. ஆரம்பம் செல்வி. ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து பெங்களூர் கார்மெண்ட் ஃபேக்டரிக்கு ரயிலில் போய்வந்த பெண். பெண்களைத் தொட்டுத் தொட்டுப் பேசும் சூப்பர்வைசரைப் பற்றி, பெயர் போடாமல், அண்ணன் கடையில் உட்கார்ந்து ஓர் இணையதளத்தில் புகார் எழுதினாள். எந்தக் கடை இணைப்பிலிருந்து வந்தது என்பதை ஃபேக்டரி எப்படியோ தெரிந்துகொண்டது. சட்டையை இன் பண்ணிய இரண்டு பேர் வந்தார்கள். “நியாயம் பண்ணத்தான் கேக்கறோம், சார்” என்றார்கள். அண்ணனை அதுவரை யாரும் சார் என்றதில்லை. வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டைத் திறந்து காட்டிவிட்டார்.

அடுத்த வாரம் செல்விக்கு வேலை இல்லை.

அண்ணன் மூன்று நாள் கடை திறக்கவில்லை. நான்காம் நாள் வேறு ஆளாக வந்தார். இனி கடையிலிருந்து வெளியே போவதெல்லாம் டார் என்ற வலைப்பின்னல் வழியாகத்தான் போகவேண்டுமாம். உலகில் எங்கெங்கோ இருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிப் போவதால், கிளம்பிய இடம் யாருக்கும் தெரியாதாம். “வெங்காயம் மாதிரி, தோலுக்கு மேல தோலு” என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் விளக்கி, அந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டார்.

இணையத்தில் போவது வருவதைக் காவல் காக்கும் ஃபயர்வாலில் முதல் விதியாக எல்லாவற்றையும் தடுத்தார். அது டாரையும் தடுத்துவிட்டது. நாள் முழுக்க ஒன்றும் ஓடவில்லை. “பாத்தியா, இன்னா டைட்டு!” என்று பூரித்தார். பிறகு டாருக்கு மட்டும் வழிவிட்டார். அப்போதும் இணையதளங்களின் முகவரியைக் கேட்கும் கேள்வி மட்டும் பழைய பாதையிலேயே நழுவிக்கொண்டிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு அதையும் டார் பக்கம் திருப்பினார்.

“கேஜ் ஒண்ணுதான். அதுல ஏறாம ஷாஃப்டுல யாரும் போவ முடியாது” என்றார், சுரங்கக் குழிக்குள் ஆளை இறக்கும் கூண்டைச் சொல்லி.

வாடிக்கையாளர்கள்தான் போனார்கள். ரிசல்ட் பார்க்க வந்தவர்கள், தாங்கள் மனிதர்கள்தான் என்று நிரூபிக்க டிராஃபிக் லைட் படங்களை அமுக்கி அமுக்கிக் களைத்தார்கள். பென்ஷன்காரர் ஒருவர் திரையைப் பார்த்து அலறினார்.

“யோவ், மாரிகுப்பத்துல பொறந்தவன் நானு. இது இன்னாத்துக்கு எங்கிட்ட ஜெர்மன்ல பேசுது?”

“நீங்க யாருன்னு வெளியில தெரியக்கூடாது நைனா.”

“நான் உசுரோட கீறேன்னு எழுதிக் குடுக்க வந்தேன்யா! யாருன்னே தெரியாம எப்டி குடுக்கறது?”

“ஒரு கம்ப்யூட்டரையாவது விட்டுவைங்கண்ணே” என்று, பொழுதெல்லாம் கடையிலேயே கிடந்த நானும் கெஞ்சினேன்.

“செல்வி வந்தா எதுல உக்காரும்னு உனக்குத் தெரியுமா?” என்றார்.

செல்வி ஒருநாள் வந்தாள். பயோடேட்டா பிரிண்ட் எடுக்க. அண்ணன் பரீட்சைக்குப் படித்த பையன்போல எல்லா விதிகளையும் அவளிடம் ஒப்பித்தார். பொறுமையாகக் கேட்டாள்.

“நல்லா கீதுண்ணா. ஆனா எம்பேர ஒயரா சொல்லிச்சு? நீங்கதானே சொன்னீங்க.”

அண்ணன் பிரிண்டை எடுத்து நீட்டினார், காசு வாங்கவில்லை.

ஆனாலும் அடுத்த ஞாயிறு, அதே ஃபேக்டரிப் பெண்கள் இரண்டு பேரோடு அவள் வந்தாள். அண்ணன் யாரிடமும் பெயர் கேட்கவில்லை. அவர்கள் புகாரை எழுதி முடிக்கும்வரை கடைக்கு முதுகைக் காட்டி வெயிலில் நின்றார்.

சூப்பர்வைசரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அங்கேயும் பெண்கள்தான் தைக்கிறார்கள். செல்விக்கு வேலை திரும்பவில்லை. கடையும் ஈயாடி மூடியாயிற்று.

அண்ணன் இப்போது பெங்களூரில் ஏதோ ஆபீஸின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். கடையில் வாயடித்ததுபோல ரயிலில் வாயடிப்பதில்லை. வெளியே பார்த்தபடி வருகிறார். நானும் வேலைக்கு அதே ரயில்தான், மாரிகுப்பத்தில் ஏறுகிறவன். ஊரிகத்தில் அவர் ஏறும்வரை ஜன்னலோரத்தில் என் பையை வைத்திருப்பேன். யாராவது கேட்டால், எங்க அண்ணன் வராரு என்பேன்.