சத்தம் வராவிட்டால் சுகம்

இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று கதிரையை விட்டு எழும்பாமலே சொல்லக்கூடிய உத்தியோகம் எனக்கு. அப்படிப்பட்ட எனக்கு, பெற்ற தகப்பன் கிணற்றடியில் விழுந்து கிடந்த செய்தி மட்டும் எல்லாம் முடிந்த பிறகுதான் கிடைத்தது.

அம்மா கோயிலுக்குப் போன நேரம் ஐயா வழுக்கி விழுந்திருக்கிறார். எழும்ப முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சிவராசா வீடு. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. "அவங்கள் சாப்பிடுற நேரம், ஏன் கரைச்சல் குடுப்பான்" என்று அம்மா வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். அன்று தோல் உரிந்ததோடு போயிற்று. அடுத்த முறை?

சொந்த ஊரான ஸ்கந்தபுரத்தை விட்டு ஐயாவும் அம்மாவும் வரமாட்டார்கள். மாடுகளை யார் பார்ப்பது? கிளிநொச்சியை விட்டு நாங்களும் போகமுடியாது. பிள்ளைகளின் படிப்பு இங்கே. எனவே விஞ்ஞானத்தின் காலில் விழுவது என்று தீர்மானித்தேன். முதியவர்கள் உடம்போடு வைத்துக்கொள்ளும் ஆபத்து மணி ஒன்று இருக்கிறதாம். பொத்தானை அமத்தினால் மகனின் போன் அலறும்.

இதில் எனக்கு ஓர் உள்நோக்கமும் இருந்தது. என் மனைவி கௌசலாவும் அம்மாவும் ஒவ்வொரு நாள் காலையும் போனில் சண்டை பிடிப்பார்கள்.

"மாமி, இண்டைக்குச் சொதிக்கு வெந்தயம் போடேல்லை."

"வெந்தயம் இல்லாததும் ஒரு சொதியோ? என்ர பிள்ளை அதை எப்பிடித் தின்னும்? உனக்கு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்!"

அம்மாவின் குரல் முற்றத்தில் நிற்கிற எனக்கே கேட்கும். நான் சமாதானப் பிரியன். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளைத் துடைப்பேன். கிளிநொச்சியிலேயே ஆகப் பளபளப்பான மோட்டார் சைக்கிள் என்னுடையதுதான்.

கௌசலாவிடம் மெல்லக் கதையைத் தொடங்கினேன்.

"இஞ்சேரும், மணியை வாங்கிக் குடுத்திட்டா நீர் இனிக் காலமையில அம்மாவுக்குப் போன் எடுக்கத் தேவையில்லை."

"ஏன்?"

"சத்தம் வந்தா ஆபத்து. சத்தம் வராட்டிச் சுகம். அவ்வளவுதான்."

"சத்தம் வராட்டிச் சுகமோ? ஆர் சொன்னது?"

"விஞ்ஞானம்."

"அப்ப விஞ்ஞானத்துக்கு உங்கட அம்மாவைத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

வவுனியாவில் இப்படியான சாமான் விற்கும் முபாறக் நானாவின் கடைக்குப் போனேன். அவர் முதலில் ஒரு சைரனை எடுத்து வைத்தார்.

"அமத்தினா ஊருக்கே கேக்கும் தம்பி. எந்த ஊர்?"

"ஸ்கந்தபுரம்."

உடனே அதைத் திரும்ப உள்ளே வைத்தார். "அங்க சைரன் கேட்டா வயலுக்க யானை இறங்கிட்டுது எண்டுதான் நினைப்பாங்க. உங்கட ஐயா விழுந்து கிடப்பார். சனம் யானை வெடி கொளுத்திக்கொண்டு நிக்கும்."

"விழுந்தாத் தானா அடிக்கிற மணியும் இருக்காமே, நானா?"

"இருக்கு. ஐயா மாடு வச்சிருக்கிறாரா?"

"ஓம்."

"வேணாம். புல்லுப் போடக் குனியிற நேரமெல்லாம் உங்களுக்கு அடிக்கும்."

கையில் கட்டுவது பால் கறக்க இடைஞ்சல். கடைசியில், கழுத்தில் மாட்டும் சிவப்புப் பொத்தானைத் தெரிவு செய்தேன். தண்ணீர் பட்டாலும் பழுதாகாது. ஐயாவின் கழுத்தில் நானே மாட்டினேன். அவர் அமத்தினார். என் சட்டைப் பைக்குள் போன் அலறியது. ஐயா ஒரு நல்ல சிரிப்புச் சிரித்தார். அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வடிவான சாமான் மோனை, பத்திரமாய் வச்சிருக்கிறன்" என்றார்.

அதன்பிறகு போன் ஒருநாளும் அலறவில்லை. நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். கௌசலா மட்டும் காலைச் சண்டையை நிறுத்தவில்லை.

ஒரு காலை நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். போனும் கையுமாக ஓடிவந்தாள்.

"வாங்கோ, ஸ்கந்தபுரம் போவம். மாமி என்னை ஏசேல்லை."

"நல்லது தானே!"

"மீன் குழம்புக்குப் புளி விடேல்லை எண்டு சொன்னன். 'ம், சரி பிள்ளை' எண்டவா."

"மணி அடிக்கேல்லையே. எல்லாம் சுகம்."

"நீங்கள் மணியைப் பாத்துக்கொண்டு இருங்கோ" என்று தன் ஸ்கூட்டியை எடுத்தாள். தனியே விட மனமில்லாமல் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஐயா மாட்டுக்கொட்டிலில் விழுந்து கிடந்தார். அம்மா அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தில் மொய்த்த இலையானைக் கலைத்துக்கொண்டிருந்தார். போன் பக்கத்தில் கிடந்தது. அப்படி இருந்துகொண்டுதான் 'சரி பிள்ளை' என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏனம்மா சொல்லேல்லை?"

"நீ வேலைக்குப் போற நேரம் மோனை. சிவராசா வயலால வந்தாத் தூக்கிவிடுவான் எண்டு இருந்தனான்."

"அந்தப் பொத்தான் எங்க?"

"அலுமாரிக்குள்ள. வேர்வை பட்டா நிறம் போயிடும் எண்டு பொலித்தீன்ல சுத்தி, என்ர கலியாணக் கூறைச் சேலைக்குக் கீழ வச்சிருக்கிறன். ஒரு கீறல் இல்லை."

தொடை எலும்பில் வெடிப்பு. நேரத்தோடு கொண்டுவந்தது நல்லது என்றார் டொக்டர். ஆஸ்பத்திரி வாங்கில் கௌசலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உமக்கும் அம்மாவுக்கும் சண்டை எண்டுதான் நான்..."

"சுகமோ எண்டு கேட்டா, சாகக் கிடந்தாலும் சுகம் எண்டுதான் சொல்லுவா. ஏசினாத்தான் எனக்கு நம்பிக்கை. அதுதான் ஒவ்வொரு நாளும் ஒரு பிழையைச் சொல்லுறனான்."

"அப்ப அந்த மீன் குழம்பு?"

"நேற்று நீங்கள்தானே ரெண்டு தரம் விட்டுச் சாப்பிட்டனியள். புளி இருந்ததோ, இல்லையோ?"

இருந்தது. எங்கள் வீட்டுக் குழம்பில் என்றைக்குமே புளி இருந்திருக்கிறது, சொதியில் வெந்தயமும் இருந்திருக்கிறது. இத்தனை காலமும் அதைச் சாப்பிட்டுக்கொண்டே, அந்தச் சண்டையையும் நம்பிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

ஐயா வீட்டுக்கு வந்தபிறகு ஒரு காலை, கௌசலா எழும்ப முதல், இனி இது என் கடமை என்று அம்மாவுக்கு நானே போன் எடுத்தேன்.

"என்ன மோனை, ஆருக்கும் சுகமில்லையோ?"

"சும்மா எடுத்தனான் அம்மா. கௌசலா புட்டுக்குத் தேங்காய்ப்பூப் போடேல்லை."

"அவளுக்கு எவ்வளவு வேலை! நீ துருவிக் குடுத்தா என்ன, கை தேஞ்சுபோடுமோ?" என்றார் அம்மா. "சரி, கெதியா வை. அவள் எடுக்கிற நேரம்."